கார்வெல்லினோ என்று ஒருவர் இருந்ததில்லை

அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பெயர் வைத்தோம்,
அம்பாங் சாலையில், பதினோராம் மாடியில்,
குளிரூட்டி சொட்டும் நீருக்கு
வாளி வைத்திருந்த அறையில்.
பலகையில் பதினெட்டுப் பெயர்கள்.
இத்தாலியைப் பார்த்தவர் எங்களில் யாருமில்லை;
ரோஸ்லானின் மச்சான் மட்டும்
ரோமில் விமானம் மாறியிருக்கிறாராம்.
அவர் சொல்லித்தான் 'எல்' இரண்டானது.
இரண்டு 'எல்'லுக்குப் பத்து வெள்ளி கூட வைக்கலாம்.

பிறகு கையெழுத்து தேவைப்பட்டது,
கழுத்துப்பட்டியின் உள்ளே நெய்வதற்கு.
நான் இடக்கைக்காரி. என் எழுத்து
பேருந்து திடீரெனக் கிளம்பியதுபோல் பின்னால் சாயும்.
அதுவே வெளிநாட்டுத்தனமாக இருக்கிறது என்றார்கள்.
ஒரே இழுப்பில் நான்,
யோகேஸ்வரி மாரிமுத்து,
முப்பத்திரண்டாம் ஆண்டு முதல்
ஆண்களுக்குத் தைத்துவரும் கிழவர் ஆனேன்.

சட்டை செய்வது அதைவிட எளிது.
புக்கிட் பிந்தாங்கில் விலை கூடியதாக ஒன்று வாங்குவோம்.
சியூ லிங் அதன்மேல் அளவுநாடாவை ஓட்டுவாள்,
தோள், கைம்முனை, அடிமடிப்பு,
சவப்பெட்டிக்கு அளவெடுப்பவள்போல் பேசாமல்.
பதின்மூன்றாம் நாள் ரசீதோடு போய்
அளவு சேரவில்லை என்று சொல்லி
அடுத்ததை மாற்றி எடுத்து வருவோம்.
போட்ட முதல் ஒரு சட்டைதான்.
இரண்டு ஆண்டு ஓடியது.

ஏழு மாற்றம் இருந்தால் போதும் என்றார் வக்கீல்.
நான்கு துளைப் பொத்தான் இரண்டு துளையானால் ஒன்று.
பை அரை அங்குலம் இறங்கினால் இரண்டு.
ஆறுக்கு மேல் மூளை ஓடாது;
ஏழாவதுக்கு நீலத்திடம் போவோம்.
மை நீலம், புகை நீலம், துறைமுக நீலம்.
எல்லாம் ஒரே அண்டாவில் நனைந்த நீலம்.

ஒருநாள் சியூ லிங் கூப்பிட்டாள்.
அசல் சட்டையின் விலாத் தையலுக்குள்
நகத்தளவு துணித்துண்டு, அதில் ஓர் எண்:
பத்து பகாட்டில் எங்களுக்குத் தைக்கும் அதே ஆலை.
பார்த்தோம். மடித்தோம்.
சாப்பிடப் போனோம்.

ஒரே ஒருமுறை நானாக ஒன்று வரைந்தேன்.
பை வலப்பக்கம்.
பேனாவை இடக்கையால் எடுப்பவனுக்கு.
தாள் மேசையைச் சுற்றி என்னிடமே வந்தது.
"வேறு யார் செய்திருக்கிறார்கள்?"
யாருமில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
"அப்புறம் எதற்கு?" என்றார் ரோஸ்லான்,
உண்மையாகவே புரியாமல். நல்ல மனிதர்.
என் பிறந்தநாளுக்குத் தவறாமல் கேக் வாங்குபவர்.

வங்சா மாஜுவில் ஏறினால்
ரயிலில் எண்ணிக்கொண்டே வருவது என் வழக்கம்.
இன்று ஒரு பெட்டியில் ஒன்பது கார்வெல்லினோ,
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி.
ஒரே புடவையில் இரண்டு பெண்கள் என்றால்
ஒருத்தி பெட்டி மாறியிருப்பாள்.
இவர்களுக்குக் கூச்சமில்லை,
இவர்களுக்குத் தெரியவே இல்லை.

பத்தாமவர் கதவருகே.
துறைமுக நீலம், காலர் நுனி தேய்ந்தது.
பை வலப்பக்கம்.

அம்பாங் பார்க்கில் நான் இறங்கவில்லை.

என் வரைபடம் அல்ல, அது தெரியும்.
ஆலையில் யாரோ தூக்கக் கலக்கத்தில்
துண்டைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும்.
தரச் சோதனையில் விழுந்து, மூட்டையில் ஏறி,
சௌக்கிட்டில் இரண்டு பதினைந்து வெள்ளி என்று
இவரிடம் வந்திருக்க வேண்டும்.

மஸ்ஜித் ஜாமெக்கில் அவர் பின்னாலேயே இறங்கினேன்.
வெளிவாசல் தடுப்பில் பயண அட்டையைத் தேடி
இடது நெஞ்சைத் தட்டினார். ஒன்றுமில்லை.
கால்சட்டை. பின்பக்கம். மறுபடி இடது நெஞ்சு.
வரிசை முணுமுணுத்தது.
கடைசியில் வலக்கையைக் கோணலாக மடக்கி
அதே பக்கத்துப் பைக்குள் விட்டு எடுத்தார்.
சட்டையைத் திட்டினார்,
சன்னமாக, தமிழில்.

வழிவிட்டு நின்றேன்.
பின்கழுத்தில் பட்டி வெளியே மடங்கிக் கிடந்தது,
வியர்வையில் ஊறி,
பின்னால் சாய்ந்தபடி
என் கையெழுத்து.